பதிவேட்டில் விடுபட்ட பதக்கம்: முன்னாள் படைவீரர்கள் எங்கிருந்து தொடங்குவது?

ஜூலை மாதம் வந்தால் போதும், பினாங்கின் பாகான் டாலாமில் என் வீட்டு வாசலில் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து நிற்பார். ஜூலை 31 மலேசியாவில் வீரர்கள் தினம். அன்றைக்குப் பதக்கத்தைக் கோட்டில் குத்திக்கொள்ளலாம் என்று அலமாரியைத் திறந்து பார்த்திருப்பார். படையில் நான் 21 வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன் என்பது அந்த வட்டாரத்தில் தெரிந்த விஷயம். "தம்பி, எனக்கு மெடல் குத்தினாங்க, ஆனா ரெக்கோட்டுல இல்லையாம்" என்று ஆரம்பிப்பார்.

இந்த விடுபடலுக்குப் பின்னால் சதி எதுவும் இருக்காது. என்னைப் போன்ற ஒரு கிராணி இருப்பான். ஒருவருக்குப் பதவி உயர்வு, கல்யாணம், மாற்றல், பதக்கம் என்று எது நடந்தாலும் யூனிட் அதை ஓர் உத்தரவுத் தாளில் அறிவிக்கும். படையில் இருந்தவர்களுக்கு அதன் பெயர் மறக்காது: ‘பெரிந்தா பஹாகியான் டுவா’, அதாவது இரண்டாம் பகுதி உத்தரவு. அதன் ஒரு பிரதி ஆவணப் பிரிவுக்குப் போகும். அங்கே இன்னொரு கிராணி அதைப் பார்த்து உங்கள் பதிவேட்டில் ஏற்றுவார். ஒரே தாளில் முப்பது பெயர் இருக்கும். ஒருமுறை நான் 17ஆம் ஆளின் பெயரை டைப் அடித்துவிட்டு நேராக 19ஆம் ஆளுக்குத் தாவிவிட்டேன். அது சம்பள விஷயமாக இருந்திருந்தால் மறுநாள் காலையே அந்த 18ஆம் ஆள் என் மேசை முன்னால் வந்து நின்றிருப்பார். வெறும் பதக்கம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. படையை விட்டு வந்து பல வருடம் கழித்து அவரே ஒரு கல்யாண வீட்டில் என்னிடம் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

ஆகவே நீங்கள் போய்க் கேட்கப்போவது சலுகை இல்லை, ஒரு பிழைதிருத்தம். கடிதத்தின் தொனியும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

உங்கள் சிக்கல் எந்த வகை?

வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பதக்கம் கொடுத்தார்கள், ஆனால் பதிவில் ஏறவில்லை என்பது ஒரு வகை. தகுதி இருந்தும் கொடுக்கவே இல்லை என்பது இன்னொரு வகை. முதலாவதற்கு ‘பதிவைத் திருத்துங்கள்’ என்று எழுத வேண்டும், இரண்டாவதற்கு ‘பதக்கத்துக்கு விண்ணப்பிக்கிறேன்’ என்று எழுத வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் குழைத்து எழுதினால் அது எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பதிவில் எல்லாம் சரியாகவே இருக்கும், நாம்தான் சுருக்கெழுத்தைத் தப்பாகப் படித்திருப்போம். பினாங்குக்காரர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பி.ஜே.எம். என்று ஒரு பதக்கம் மத்திய அரசிடம் இருக்கிறது, ‘பிங்காட் ஜாசா மலேசியா’. 1948இல் தொடங்கிய கம்யூனிஸ்ட் கிளர்ச்சி அவசரகாலத்திலும் இந்தோனேசிய எதிர்ப்புக் காலத்திலும் சேவை செய்தவர்களை நினைத்து ஏற்படுத்தியது. காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து இங்கே நின்றவர்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். அதே பி.ஜே.எம். என்ற மூன்று எழுத்தில் பினாங்கு மாநிலமும் ஒன்று வைத்திருக்கிறது, ‘பிங்காட் ஜாசா மாஷாராக்காட்’. அது மாநில ஆளுநர் பெயரில் வருகிற சமூக சேவைப் பதக்கம். கோயில் கமிட்டியில் இருந்து இதை வாங்கிய ஒருவர், படைப் பதிவில் அது ஏன் இல்லை என்று ஒரு வருடம் அலைந்தார். மாநிலப் பதக்கத்துக்குக் கேட்க வேண்டிய இடம் கொம்தார் கட்டடத்தில் இருக்கும் மாநிலச் செயலகம். பி.பி.ஏ., பி.பி.எஸ்., பி.பி.என். என்கிற பதக்கச் சுருக்கங்கள் எல்லாம்கூட அவசரமாகப் படித்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். சுருக்கத்தை நம்பாதீர்கள், பதக்கத்தின் முழுப் பெயரை எழுதி வையுங்கள்.

எந்தப் படை, எந்தக் கதவு?

தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை மூன்றிலும் இருந்தவர்கள் முன்னாள் வீரர் விவகார இலாகாவான ஜே.எச்.இ.வி.யில் தொடங்குங்கள். தற்காப்பு அமைச்சின் கீழ் வருவது அது. நம் ஆட்களில் பலர் அந்தப் பெயரையும் இன்னும் மூன்று பெயர்களையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எல்.டி.ஏ.டி. என்பது 1972இல் தொடங்கிய படைவீரர் சேமநிதி. பெர்ஹெபாட், சுங்கை பூலோவில் இருக்கும் தொழிற்பயிற்சி அமைப்பு. வீரர் சங்கம் என்பது நாமே உறுப்பினராக இருக்கும் சங்கம். மூன்றும் உங்கள் பதிவைத் திருத்தாது. ஆனாலும் சேமநிதியின் பழைய சந்தா அறிக்கை கையில் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை நீங்கள் சீருடையில் இருந்தீர்கள் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

போலீஸில் இருந்தவர்களின் பதிவு இங்கே கிடைக்காது. ‘போலிஸ் ஹூத்தான்’ என்று நாம் சொல்லும் வனப் போலீஸ்காரர்கள் காட்டில் படைவீரர்களைப் போலவே அலைந்திருந்தாலும் அவர்கள் பதிவு போலீஸ் படையிடம்தான் இருக்கிறது. 1948க்குப் பிறகு தோட்டங்களில் துப்பாக்கியோடு காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களும் போலீஸ் கணக்குதான். "தாத்தா ஆர்மியில் இருந்தார்" என்று பேரன் சொல்வான். படத்தைப் பார்த்தால் போலீஸ் தொப்பியாக இருக்கும். அதனால் யாருக்கும் எழுதுவதற்கு முன்னால் தொப்பியில் இருக்கும் சின்னத்தைப் பாருங்கள்.

தாள்களைத் தேடுதல்

எல்லாவற்றுக்கும் சாவி படை எண்தான். பெயரை வைத்துத் தேடினால் நம் பெயர்கள் படுத்தும் பாட்டுக்கு எதுவும் கிடைக்காது. முனியாண்டி என்ற ஒரே பெயருக்குக் கடைசியில் ஒரு தாளில் ‘ஒய்’, இன்னொன்றில் ‘ஐ’. நடுவில் ஒரு ‘ஒய்’ இருக்கும், இல்லாமலும் இருக்கும். அப்பா பெயருக்கு முன்னால் ‘மகன்’ என்பதற்கு ஒரு தாளில் ஆங்கில ‘எஸ்/ஓ’, அடுத்ததில் மலாய் ‘ஏ/எல்’, மூன்றாவதில் எதுவுமே இல்லாமல் அப்பா பெயர் முதல் பெயராகிவிட்டிருக்கும். அடையாள அட்டையிலும் இதே கதைதான். சேரும்போது பழைய ஏழு இலக்க ஐ.சி. இருந்திருக்கும். படையில் இருந்த காலம் முழுக்க படையின் அட்டை. வெளியே வந்தபோது பன்னிரண்டு இலக்க எண். ஒரே மனிதர் மூன்று ஆளாகிப்போகிறார்.

இதைச் சரிக்கட்ட ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நான்கு பத்தி போடுங்கள்: எந்தத் தாள், அதில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, எந்த எண் இருக்கிறது, என்ன தேதி. பிறப்புப் பத்திரத்திலிருந்து இன்றைய மைகார்ட் அடையாள அட்டை வரை வரிசையாக எழுதுங்கள். எந்தத் தாளில் பெயர் மாறியது என்று பார்த்த உடனே தெரியும். பெயர் ரொம்பவே வேறாக இருந்தால், ‘இருவரும் ஒருவரே’ என்று ஒரு சத்தியப் பிரமாணம் செய்து சேர்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம், படையை விட்டு வந்தபோது கொடுத்த சான்றிதழ், வீரர் அட்டை, பதக்கத்தோடு வந்த சான்றிதழ், அழைப்புக் கடிதம், பழைய படங்கள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். படத்தின் பின்பக்கத்தைப் பார்க்க மறக்காதீர்கள். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் பல சமயம் அங்கேதான் இருக்கும். ஆனால் படத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நாடாவின் நிறம் தெரியாது, எந்தப் பதக்கம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் எடுத்து ‘அசலைப் பார்த்தேன்’ என்று தகுதியுள்ள அதிகாரி ஒருவரிடம் சாப் (முத்திரை) வாங்கிக்கொண்டால் போதும்.

முதல் கடிதத்தில் திருத்தம் கேட்காதீர்கள்

இதைச் சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வரும். "இவ்வளவு வருஷம் போச்சு, இன்னும் ஒரு கடுதாசியா?" என்பார்கள். சரி, ஆனால் பதிவில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே ‘இல்லை’ என்று எழுதினால் அவர்களும் பார்க்காமலே ‘இல்லை’ என்று பதில் எழுதிவிட இடம் கொடுத்ததாகும். முதல் கடிதத்தில் உங்கள் சேவைப் பதிவின் நகலை மட்டும் கேளுங்கள். சொந்தப் பதிவைச் சொந்தக்காரரே கேட்பதால் நீளமான காரணம் வேண்டாம். நகல் வந்ததும் சேர்ந்த தேதி, மாறிய யூனிட்டுகள், வெளிநாட்டுப் பணி, பதக்கங்கள் இந்த நான்கையும் விரல் வைத்துப் படியுங்கள்.

இதில் யூனிட் வரிசைதான் முக்கியம். ஏன் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். 1993இல் சோமாலியாவுக்கு நம் படையில் 19ஆவது அரச மலாய் ரெஜிமெண்ட் பட்டாளம் போனது. வேறு யூனிட்டுகளிலிருந்து நம் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து போனார்கள். அப்படி அந்தப் பயணத்துக்காக மட்டும் தற்காலிகமாகச் சேர்ந்துகொண்ட ஓர் அண்ணன் என்னிடம் வந்தார். ஐ.நா. பதக்கத்துக்குப் பொதுவாக 90 நாள் களத்தில் இருந்திருக்க வேண்டும். அவர் அதைவிட அதிகம் இருந்தவர், பதக்கமும் கையில் இருக்கிறது. பதிவிலோ அந்தக் காலம் முழுக்க அவர் மலேசியாவிலேயே, தாய் யூனிட்டிலேயே இருந்ததாக இருந்தது. இப்படிப்பட்டவர் பதக்கத்தை ஏற்றச் சொல்லி எழுதினால் எப்படி ஏறும்? போகாத ஊருக்கு யார் பதக்கம் கொடுப்பார்கள்? முதலில் அந்தத் தற்காலிக மாற்றலைப் பதிவில் ஏற்ற வேண்டும். அது ஏறிவிட்டால் பதக்கம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். அந்த அண்ணனைக் காப்பாற்றியது பதக்கம் இல்லை, பழைய பாஸ்போர்ட்டும் மனைவிக்கு அங்கிருந்து எழுதிய கடிதத்தின் உறையும்தான்.

சாட்சிக் கடிதம்

உத்தரவுத் தாளின் எண்ணும் தேதியும் உங்களிடம் இருந்தால் வேலை பாதி முடிந்தது. பழைய யூனிட் இன்னும் இருந்தால் அங்கேயும் ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். கலைக்கப்பட்ட யூனிட் என்றால், கூட இருந்தவர்களைத் தேட வேண்டியதுதான். அவர்கள் ‘சூராட் அக்குவான்’ என்ற சத்தியக் கடிதத்தை எழுதி, பெசுருஜாயா சும்பா என்ற சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். 1960ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தின்படி செய்வது இது. பொய் சொன்னால் குற்றம். அதனால் சிநேகிதத்துக்காக யாரையும் எழுதச் சொல்லாதீர்கள்.

என்ன எழுதுவது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். "இவர் நேர்மையானவர், நாட்டுக்காக உழைத்தவர், பதக்கம் பெறத் தகுதியானவர்" என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். படிக்க நன்றாக இருக்கும், பயன் இருக்காது. போன வருடம் ஓய்வுபெற்ற சார்ஜண்ட் ஒருவரிடம் உட்கார்ந்து பேசினேன்.

"அண்ணே, மெடல் குத்தினப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"ரெண்டாவது வரிசை. இவன் எனக்கு முன்னால."

"யார் குத்துனது?"

"சி.ஓ. இல்ல, அன்னைக்கு அவர் வரல. டூ-ஐ-சி."

"எந்த மாசம்?"

"நோன்புப் பெருநாளுக்கு முன்னால. லீவு ஃபாரம் எல்லாம் கொடுத்திட்டோம், அதுக்கு முந்தின வாரம்."

(சி.ஓ. என்றால் யூனிட்டின் தலைமை அதிகாரி, டூ-ஐ-சி அவருக்கு அடுத்தவர்.) இதுதான் சாட்சி. யார் குத்தினார், சாட்சி எங்கே நின்றார், எந்த நேரம், சாட்சியின் சொந்தப் படை எண் என்ன, அதே அணிவகுப்பில் அவருக்கும் பதக்கம் கிடைத்ததா. கடைசியில் சொன்னதற்கு எடை அதிகம். சாட்சியின் பதிவில் அந்தப் பதக்கம் எந்த உத்தரவின்படி ஏறியிருக்கிறதோ, அதே உத்தரவில் உங்கள் பெயரும் இருக்க வாய்ப்புண்டு. அவர் சம்மதித்தால் அவர் பதிவின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இணையுங்கள். நான் பார்த்த வரையில் அந்த ஒரு பக்கத்துக்கு மூன்று சத்தியக் கடிதத்தின் பலம் இருக்கிறது.

திருத்தக் கடிதம்

மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். தலைப்பு தடித்த எழுத்தில்: ‘பெர்மொஹோனான் பெம்பெத்துலான் ரெக்கோட் பெர்கிட்மாத்தான்’, அதாவது சேவைப் பதிவைத் திருத்தக் கோரும் விண்ணப்பம். அதன் கீழே படை எண், பதவி, பெயர், ஐ.சி. எண். முதல் பத்தியில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த யூனிட்டில் இருந்தீர்கள். இரண்டாம் பத்தியில் பதக்கத்தின் முழுப் பெயர், எப்போது, எங்கே பெற்றது, பதிவின் எந்தப் பக்கத்தில் அது இருந்திருக்க வேண்டும். மூன்றாம் பத்தியில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியம்: பதக்கத்தைப் பதிவில் சேர்த்து, திருத்திய பதிவின் நகலை எனக்கு அனுப்புங்கள். கீழே இணைப்புகளை எண் போட்டு வரிசையாக எழுதுங்கள்.

பென்சன் பிரச்சினை, மகனுக்கு வேலை, காலில் அடிபட்ட கதை எதையும் இதில் சேர்க்காதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் அதற்கு வேறு கடிதம் எழுதிக்கொள்ளலாம்.

நேரில் கொடுக்க முடிந்தால் நேரில் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், உங்களிடம் இருக்கப்போகும் பிரதியில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று சாப் அடித்து வாங்குங்கள். தபாலில் அனுப்புவதென்றால் பதிவுத் தபால், ரசீதைக் கடிதத்தின் நகலோடு ஸ்டேப்பிள் பண்ணிவிடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, போன் பண்ணிய தேதி, பேசியவர் பெயர், சொன்ன பதில் எல்லாவற்றையும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மாதம் ஒருமுறை, கடிதத்தின் தேதியைச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். கத்தினால் வேலை நடக்காது, நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், சொல்கிறேன். பல மாதம் போயும் அசைவில்லை என்றால் வீரர் சங்கக் கிளை மூலம் ஒரு கடிதம், அதுவும் பலிக்காவிட்டால் பொதுப் புகார் பிரிவு. 1971 முதல் அதற்கென்றே இருக்கிறது.

அவர் இல்லாமல் போயிருந்தால்

மனைவியோ பிள்ளைகளோ கேட்கலாம். இறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் அல்லது பிள்ளையின் பிறப்புப் பத்திரம் கூடுதலாக வேண்டும். பல பிள்ளைகள் இருந்தால் யார் எழுதுவது என்று வீட்டிலேயே முடிவு செய்து, மற்றவர்கள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை வைத்துவிடுங்கள். இரண்டு பிள்ளைகள் தனித்தனியாக எழுதி, இரண்டு ஃபைல் திறந்து, இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சுதந்திரத்துக்கு முன்னால் பிரிட்டிஷ் சம்பளத்தில் இருந்தவர்களுக்குப் பாதை வேறு. அவர்கள் பதக்க விஷயத்தைப் பார்ப்பது இங்கிலாந்தில் கிளௌஸ்டரில் இருக்கும் பதக்க அலுவலகம். அந்நாட்டுத் தற்காப்பு அமைச்சிடம் இருந்த பழைய பதிவுகள் 2022 முதல், லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் எழுதும் முன் பதிவு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாத்தா வைத்துவிட்டுப் போன பதக்கத்தில் ஊதா நாடாவும் நடுவில் பச்சைக் கோடும், மேலே ‘மலாயா’ என்ற பட்டையும் இருந்தால், அது அவசரகாலத்துக்குப் பிரிட்டன் கொடுத்த பொதுச் சேவைப் பதக்கம். 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரை மலாயாவில் இருந்த சேவைக்கு உரியது. அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். படை எண், பதவி, பெயர் மூன்றையும் அங்கே பொறித்திருப்பார்கள். வேறு எந்தத் தாளும் இல்லாத குடும்பத்துக்கு அந்த விளிம்பே தொடக்கம்.

பணம் கேட்பவர்கள்

திருத்தித் தருகிறேன், முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுங்கள் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நகலுக்கும் சத்தியப் பிரமாணத்துக்கும் தபாலுக்கும் ஆகும் செலவைத் தவிர இதில் பெரிய செலவு கிடையாது. பதக்கம் ஏறினால் மாதாமாதம் பணம் வரும் என்று ஆசை காட்டுபவரையும் நம்ப வேண்டாம். வீரதீரப் பதக்கங்கள் வேறு விஷயம். சாதாரண சேவைப் பதக்கம் மரியாதைக்கு மட்டும்தான்.

பதக்கமே தொலைந்திருந்தால், பதிவு திருந்திய பிறகு மாற்றுப் பதக்கத்தைப் பற்றி யோசியுங்கள். கோலாலம்பூரில் பதக்கம் விற்கும் கடைகளில் எதையும் வாங்கிக் குத்திக்கொள்ளலாம்தான், கடைக்காரர் உங்கள் பதிவைக் கேட்கப்போவதில்லை. அணிவகுப்பில் பக்கத்தில் நிற்பவர் கேட்பார்.

திருத்திய நகல் வந்ததும் உறையைப் பிரித்த கையோடு எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பிறை என்ற ஊரில் ஓர் அம்மாவுக்குப் பதினோரு மாதம் கழித்து அது வந்தது. கணவரின் பதக்கம் முழுப் பெயரோடு ஏறியிருந்தது. அம்மா தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்தார். நான் படை எண்ணைப் பார்த்தேன். கடைசி இரண்டு இலக்கமும் இடம் மாறிக் கிடந்தன.

"என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. இன்னும் ஒரு கடுதாசி எழுதணும். உட்காருங்க."

இந்தக் கடிதத்துக்குப் பதில் மூன்றே வாரத்தில் வந்துவிட்டது.